இணைப்பு உயிரோடு இருக்கிறதா?

தொலைபேசியில் நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எதிர்முனையில் பேச்சு திடீரென்று நின்றுவிடுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? "ஹலோ, ஹலோ, கேட்கிறதா?" என்று குரல் கொடுப்பீர்கள் அல்லவா? நண்பர் எதையோ யோசித்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம். அல்லது இணைப்பே அறுந்து போயிருக்கலாம். இந்த இரண்டில் எது என்பதை மௌனத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியாது.

இதே சங்கடம் கணிப்பொறிகளுக்கும் உண்டு. வங்கியில் பணம் எடுக்கும்போதும், ரயிலுக்கு இடம் பதிவு செய்யும்போதும், தேர்வு முடிவைப் பார்க்கும்போதும் எங்கோ ஒரு கணிப்பொறி இன்னொரு கணிப்பொறியிடம் "நீ இருக்கிறாயா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. சிறிய கேள்விதான். ஆனால் அதற்கு முழு உறுதியான விடை கிடையாது என்றால் நம்புவீர்களா? அது ஏன் என்பதையும், விடை இல்லாமலேயே வேலை எப்படி நடக்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

தரவுத்தளம் என்றால் என்ன?

ஏராளமான விவரங்களை ஒழுங்காக அடுக்கி வைத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டுக்குத் தரவுத்தளம் என்று பெயர். வங்கியின் கணக்குகள் அனைத்தையும் கொண்ட மாபெரும் பேரேடு என்று அதைக் கருதலாம். விவரங்களை அட்டவணைகளாக அடுக்கும் முறையை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்ற அறிஞர் வெளியிட்டார். அத்தகைய அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கான மொழியை அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974-இல் உருவாக்கினர். அதுவே இன்று எஸ்.க்யூ.எல். எனப்படுகிறது.

நாம் பயன்படுத்தும் செயலி ஒரு கணிப்பொறியில் ஓடும். தரவுத்தளம் பெரும்பாலும் வேறொரு கணிப்பொறியில் இருக்கும். இரண்டுக்கும் இடையே பேச்சு நடக்க ஓர் இணைப்பு வேண்டும்.

ஒவ்வொரு கேள்விக்கும் புதிய இணைப்பு ஏற்படுத்திக்கொண்டால் என்ன? அப்படியும் செய்யலாம். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. தரவுத்தளம் 1000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், போக 5 மில்லி விநாடி, வர 5 மில்லி விநாடி; ஆக ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி. புதிய இணைப்புக்கு "பேசலாமா?", "பேசலாம்", "சரி" என்று மூன்று செய்திகள் பரிமாறப்பட வேண்டும். பிறகு பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட வேண்டும். இப்படிப் பல சுற்றுகள் ஆகும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இந்தச் சடங்கு முழுவதையும் செய்துகொண்டிருந்தால் வேலை தாமதமாகும்.

எனவே செயலிகள் சில இணைப்புகளை முன்கூட்டியே ஏற்படுத்தி, திறந்தபடியே வைத்திருக்கின்றன. தேவைப்படும்போது ஒன்றை எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திரும்ப வைத்துவிடும். நூலகத்துப் புத்தகம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அலமாரியில் இருக்கும் புத்தகம் இறந்து போவதில்லை. இணைப்பு இறந்து போகலாம். அங்கேதான் தொல்லை ஆரம்பமாகிறது.

இணைப்பு ஒரு கம்பி அன்று

இணைப்பு என்றதும், இரண்டு கணிப்பொறிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கயிறு ஒன்று உங்கள் மனத்தில் தோன்றலாம். ஒரு முனையை விட்டுவிட்டால் மறுமுனைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்றும் நினைக்கலாம். உண்மை அதுவன்று.

இணையத்தில் செய்திகளைத் தவறாமல் கொண்டு சேர்க்கும் விதிமுறைக்கு டி.சி.பி. என்று பெயர். இதன் அடிப்படைக் கருத்தை விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகியோர் 1974-இல் வெளியிட்டனர். இம்முறையில் இணைப்பு என்பது ஒரு பொருளே அன்று. அது இரண்டு நினைவுக் குறிப்புகள் மட்டுமே!

பேனா நண்பர்கள் இருவரை எண்ணிப் பாருங்கள். இருவரிடமும் ஆளுக்கொரு நோட்டு இருக்கிறது. "இன்னாருடன் கடிதத் தொடர்பு உண்டு. நான் 17-ஆம் கடிதம் வரை எழுதினேன். அவரிடமிருந்து 15-ஆம் கடிதம் வரை வந்தது" என்று ஒவ்வொருவரும் குறித்து வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு குறிப்புகளும் சேர்ந்ததுதான் அவர்களுடைய நட்பின் அடையாளம். ஒரு மாதம் இருவருமே எழுதவில்லை என்றால் தபாலில் எதுவுமே போகாது. ஆனாலும் தொடர்பு அறுந்ததாக ஆகாது. அதே மாதத்தில் ஒருவர் நோட்டைத் தொலைத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாலும் மற்றவரின் நோட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. "நண்பர் உண்டு" என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும்.

டி.சி.பி. இணைப்பும் அப்படியே. செய்தி எதுவும் இல்லாதபோது கம்பியில் ஒன்றுமே செல்வதில்லை.

சாவு மூன்று வகை

இணைப்பு எப்படியெல்லாம் இறந்து போகலாம்?

முதல் வகை, சொல்லிவிட்டுப் போவது. "மைஎஸ்க்யூஎல்" என்ற தரவுத்தளம் நெடுநேரம் கேள்வி வராத இணைப்பைத் தானே மூடிவிடும். இதற்கு அது இயல்பாக வைத்திருக்கும் காலம் 28,800 விநாடி. வகுத்துப் பாருங்கள்: சரியாக 8 மணி நேரம்! இரவு 9 மணிக்கு அலுவலகம் மூடி, காலை 8 மணிக்குத் திறந்தால் இடையில் 11 மணி நேரம். விடியற்காலை 5 மணிக்கே தரவுத்தளம் "விடைபெறுகிறேன்" என்று செய்தி அனுப்பி மூடிவிட்டது. அச்செய்தி செயலியின் கணிப்பொறிக்கு வந்தும் சேர்ந்தது. ஆனால் செயலி தூங்கிக்கொண்டிருந்தது. தபால் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. காலையில் வரும் முதல் வாடிக்கையாளருக்கு "சர்வர் போய்விட்டது" என்று பொருள்படும் பிழைச் செய்தி கிடைக்கிறது. இரண்டாவதாக வருபவருக்கு எல்லாம் சரியாக நடக்கிறது! ஏனென்றால், பிழையைக் கண்டபின் செயலி புதிய இணைப்பை ஏற்படுத்திக்கொண்டுவிட்டது.

இரண்டாம் வகை, சொல்லாமல் போவது. தரவுத்தளம் உள்ள கணிப்பொறிக்கு மின்சாரம் நின்றுவிட்டது. விடைபெற நேரமில்லை. அது மீண்டும் இயங்கத் தொடங்கிய பிறகு பழைய நண்பர் 18-ஆம் கடிதம் எழுதினால், "நீர் யார்? உம்மை எனக்குத் தெரியாதே!" என்று பதில் வரும். அதுகூட நல்லதுதான், உண்மை தெரிந்துவிடுகிறது. இன்னும் இயங்காமலே இருந்தால்? பதிலே வராது. அனுப்பியவர் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பார். லினக்ஸ் இயங்குதளத்தின் இயல்பான ஏற்பாட்டின்படி, 15 தடவை மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் அது கைவிடும். அதற்குள் சுமார் 15 நிமிடம் கழிந்துவிடும். அவ்வளவு நேரம் வாடிக்கையாளர் காத்திருப்பாரா?

மூன்றாம் வகை, நடுவில் இருப்பவர் மறந்து போவது. இரு கணிப்பொறிகளுக்கும் நடுவே பாதுகாப்புக்காகவும் முகவரி மாற்றத்துக்காகவும் சில கருவிகள் உண்டு. மாணவர் விடுதியின் வாயிற்காவலர் போன்றவை அவை. யாருக்கு யாரிடமிருந்து கடிதம் வரலாம் என்று ஒரு பதிவேடு வைத்திருக்கும். நெடுநாள் கடிதம் வராத பெயரை, இடம் போதவில்லை என்று அடித்துவிடும். இரு நண்பர்களும் நலமாக இருக்கிறார்கள். இருவர் நோட்டிலும் குறிப்பு இருக்கிறது. ஆனால் கடிதம் மட்டும் போய்ச் சேர்வதில்லை!

எப்படிச் சோதிப்பது?

சோதிக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, தன் நோட்டைத் தானே பார்த்துக்கொள்வது. ஜாவா மொழியில் "இணைப்பு மூடப்பட்டுவிட்டதா?" என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. ஆனால் அது, நாமே இணைப்பை மூடினோமா என்பதைத்தான் சொல்லும். எதிர்முனை இருக்கிறதா என்பதைச் சொல்லாது. நண்பர் நலமா என்று அறிய நம் நோட்டைப் புரட்டுவதில் பயனில்லை அல்லவா?

இரண்டாவது வழி, கதவைத் தட்டுவது. டி.சி.பி.யிலேயே இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. நெடுநேரம் பேச்சு இல்லாவிட்டால், உள்ளே ஒன்றும் எழுதாத வெற்று உறை ஒன்றை அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் வருகிறதா என்று பார்க்கும். லினக்ஸில் இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தால், இயல்பாக 7,200 விநாடி, அதாவது 2 மணி நேரம் கழித்துத்தான் முதல் தட்டு. பதில் இல்லையென்றால் 75 விநாடிக்கு ஒரு தடவையாக மொத்தம் 9 தடவை தட்டும். 9 × 75 = 675 விநாடி. ஆக, இணைப்பு இறந்துவிட்டது என்று முடிவு கட்ட 2 மணி 11 நிமிடம் 15 விநாடி! இந்தக் கால அளவுகளை நாம் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்னொரு குறையும் உண்டு. கதவைத் தட்டினால் பதில் சொல்வது யார்? வீட்டுக்காரர் அல்லர், வாயிற்காவலரே! அதாவது, பதில் தருவது கணிப்பொறியின் இயங்குதளம். உள்ளே தரவுத்தளம் செயலற்று முடங்கிக் கிடந்தாலும் "இருக்கிறேன்" என்று பதில் வந்துவிடும்.

"பிங்" என்ற கருவியும் இந்த வகைதான். 1983 டிசம்பரில் அமெரிக்காவின் மைக் மியூஸ் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் எதிரொலி கேட்க அனுப்பும் ஒலியை நினைவூட்டும் வகையில் இப்பெயரை வைத்தார். கணிப்பொறி எட்டக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று அது சொல்லும். தரவுத்தளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மூன்றாவது வழியே சிறந்தது: வீட்டுக்காரரையே அழைத்து ஓர் எளிய கேள்வி கேட்பது. "செலக்ட் 1" என்பது எஸ்.க்யூ.எல். மொழியின் மிகச் சிறிய கேள்விகளில் ஒன்று. "ஒன்று என்ற எண்ணைக் கொடு" என்பதே அதன் பொருள். தரவுத்தளம் விழித்திருந்து, கேள்வியைப் படித்து, புரிந்துகொண்டு, "1" என்று சொன்னால்தான் பதில் வரும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் இத்தகைய கேள்விகளுக்கென்றே "டூயல்" என்ற அட்டவணை இருக்கிறது. அதில் ஒரே ஒரு வரிசை, ஒரே ஒரு பத்தி, "எக்ஸ்" என்ற ஒரே ஓர் எழுத்து. உலகத்தின் மிகச் சிறிய பேரேடு என்று அதைச் சொல்லலாம்!

எவ்வழியானாலும் ஒரு காலவரம்பு வைத்தே கேட்க வேண்டும். எவ்வளவு வைப்பது? குறைவாக வைத்தால், மெதுவாகப் பதில் சொல்பவரை இறந்தவர் என்று முடிவு கட்டிவிடுவோம். அதிகமாக வைத்தால், இறந்தவருக்காகக் காத்துக்கொண்டே இருப்போம். பதில் வர எவ்வளவு நேரம் ஆகலாம் என்பதற்கு எல்லையே இல்லாதபோது, இறந்ததையும் தாமதிப்பதையும் வேறுபடுத்தி அறிய முடியாது. இதனால் விளையும் ஓர் அடிப்படைத் தடையை ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் ஆகிய மூவரும் 1985-இல் கணித முறையில் நிறுவினர்.

சோதனைக்கும் விலை உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் "செலக்ட் 1" கேட்டால், 10 மில்லி விநாடி வேலை 20 மில்லி விநாடி ஆகிவிடும். ஆகவே சிக்கனமான சில வழிகள் உண்டு. இணைப்புகளைப் பராமரிக்கும் "ஹிகாரிசிபி" என்ற நிரல், அரை விநாடிக்குள் பயன்படுத்தப்பட்ட இணைப்பை மறுபடி சோதிப்பதில்லை. இப்போதுதானே பேசினோம், அதற்குள் என்ன ஆகியிருக்கப் போகிறது என்ற நம்பிக்கை!

கேள்வி கேட்பதிலும் ஆபத்து

இங்கே ஒரு சுவையான செய்தி. இரகசியமாகப் பேசும் இணைப்புகளில் "நீ இருக்கிறாயா?" என்று கேட்பதற்கு "இதயத்துடிப்பு" என்ற ஒரு விதி சேர்க்கப்பட்டது. "இந்தச் சொல்லை எனக்குத் திருப்பிச் சொல்; அதன் நீளம் இத்தனை எழுத்து" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரலில், சொன்ன நீளமும் உண்மையான நீளமும் ஒன்றுதானா என்று சரிபார்க்க மறந்துவிட்டார்கள். ஒரெழுத்துச் சொல்லை அனுப்பி, "இதன் நீளம் 64 ஆயிரம்" என்று பொய் சொன்னால், கணிப்பொறி தன் நினைவகத்தில் அடுத்தடுத்து இருந்தவற்றையும் சேர்த்து அனுப்பிவிட்டது. அதில் கடவுச்சொற்களும் இருக்கக்கூடும்! 2014 ஏப்ரலில் இக்குறை வெளியானபோது உலகெங்கும் அவசர அவசரமாகத் திருத்த வேண்டியதாயிற்று. நலம் விசாரிப்பதற்கும் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

"இருக்கிறேன்" என்பதன் பொருள்

"1" என்று பதில் வந்துவிட்டது. இப்போது நிம்மதிதானே என்பீர்கள். இல்லை!

இரவு வானில் ஒரு விண்மீனைப் பார்க்கிறீர்கள். சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனின் ஒளிகூட நம்மை வந்தடைய 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நீங்கள் காண்பது அதன் அன்றைய நிலை. இன்றைய நிலை அன்று. "இருக்கிறேன்" என்ற பதிலும் அப்படித்தான். "பதிலை அனுப்பியபோது இருந்தேன்" என்பதே அதன் சரியான பொருள். பதில் வந்து சேருமுன்போ, நீங்கள் அடுத்த கேள்வியை அனுப்புவதற்குள்ளோ இணைப்பு அறுந்து போகலாம். எத்தனை சோதனை செய்தாலும் கடைசிச் சோதனைக்கும் உண்மையான வேலைக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருந்தே தீரும்.

அந்த இடைவெளியில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? "இவர் கணக்கில் உள்ள பாக்கி எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் கவலை இல்லை. மறுபடி கேட்டுக்கொள்ளலாம். "இவர் கணக்கிலிருந்து 500 ரூபாயைக் கழி" என்று அனுப்பியிருந்தால்? பதில் வரவில்லை. கட்டளை போகும் வழியில் தொலைந்ததா? அல்லது பணம் கழிக்கப்பட்டு, "கழித்துவிட்டேன்" என்ற பதில் வரும் வழியில் தொலைந்ததா? மறுபடி அனுப்பினால் 1000 ரூபாய் கழிந்துவிடலாம். அனுப்பாவிட்டால் ஒன்றுமே கழியாமல் போகலாம்.

இந்தப் புதிரை "இரண்டு தளபதிகள்" என்ற பெயரில் ஜிம் கிரே என்ற அறிஞர் 1978-இல் விளக்கினார். இரண்டு மலைகளில் இரண்டு படைகள். நடுவே பள்ளத்தாக்கில் எதிரி. இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. தூதன் வழியில் பிடிபடக்கூடும். முதல் தளபதி நேரத்தைச் சொல்லி அனுப்புகிறார். கிடைத்ததா என்று அவருக்குத் தெரிய வேண்டும். இரண்டாமவர் "கிடைத்தது" என்று அனுப்புகிறார். அந்தப் பதில் கிடைத்ததா என்று இவருக்குத் தெரிய வேண்டும். எத்தனை தூதர்களை அனுப்பினாலும், கடைசித் தூதனை அனுப்பியவருக்குச் சந்தேகம் தீராது. முழு உறுதி என்றைக்கும் கிடைக்காது.

அப்படியானால் வங்கி எப்படி நடக்கிறது?

உறுதி கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு ஏற்றபடி வேலையை அமைத்துக்கொண்டதுதான் பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம்.

முதலாவது ஏற்பாடு: ஒரு பரிமாற்றத்தின் எல்லாப் படிகளும் நடக்க வேண்டும், அல்லது ஒன்றுமே நடக்கக் கூடாது. ஒரு கணக்கில் கழித்து, இன்னொன்றில் சேர்ப்பதற்கு முன் இணைப்பு அறுந்துவிட்டால், தரவுத்தளம் கழித்ததையும் ரத்துசெய்து பழையபடி ஆக்கிவிடும்.

இரண்டாவது ஏற்பாடு: ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தனி எண். "ரசீது எண் 4071: 500 ரூபாய் கழி" என்று அனுப்புவது. பதில் வராவிட்டால் அதே எண்ணுடன் மறுபடி அனுப்பலாம். தரவுத்தளம் தன் ஏட்டைப் பார்க்கும். 4071 ஏற்கெனவே இருந்தால், "அது முன்பே ஆகிவிட்டது" என்று பதில் சொல்லும். இரண்டாம் முறை கழிக்காது. இப்போது எத்தனை தடவை அனுப்பினாலும் தீங்கில்லை!

மூன்றாவது, தரவுத்தளமும் தன் பங்குக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒருவர் கணக்கைத் திருத்தும்போது மற்றவர்கள் அதைத் திருத்தாதபடி பூட்டு போடப்படும். பூட்டுப் போட்டவர் சொல்லாமல் மறைந்துவிட்டால்? மற்றவர்கள் வெளியே காத்துக்கிடப்பார்கள். ஆகவே, வேலையைப் பாதியில் நிறுத்திச் சும்மா இருப்பவருக்குக் காலவரம்பு விதித்து, அவர் பூட்டை அகற்றும் வசதி "போஸ்ட்கிரெஸ்" தரவுத்தளத்தில் 2016 முதல் உள்ளது.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று நண்பர்கள் சேருங்கள். ஒருவர் செயலி, ஒருவர் தரவுத்தளம், ஒருவர் தபால்காரர். தேவையானவை: ஒரு நாணயம், சில துண்டுச் சீட்டுகள், ஒரு நோட்டு.

செயலி, "5 மதிப்பெண் கூட்டு" என்று சீட்டெழுதித் தபால்காரரிடம் கொடுக்க வேண்டும். தபால்காரர் மறைவாக நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் சீட்டைக் கொண்டு சேர்ப்பார். பூ விழுந்தால் கிழித்துவிடுவார். சீட்டு கிடைத்தால் தரவுத்தளம் நோட்டில் 5 கூட்டி, "கூட்டினேன்" என்று பதில் சீட்டு அனுப்பும். அதற்கும் நாணயம் உண்டு. பத்து எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் செயலி மறுபடி அனுப்ப வேண்டும். பதில் வந்ததும் அடுத்த கட்டளைக்குச் செல்லலாம். இப்படிப் பத்துக் கட்டளைகள் முடிந்ததும் நோட்டைத் திறந்து பாருங்கள். 50 இருக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு இருக்கிறது?

பிறகு, ஒவ்வொரு கட்டளைக்கும் வரிசை எண் கொடுத்து மறுபடி ஆடுங்கள். ஒரே எண்ணை இரண்டாம் முறை கண்டால் தரவுத்தளம் கூட்டாமல் பதில் மட்டும் அனுப்பட்டும். இப்போது கணக்கு சரியாக 50 வரும்.

நிகழ்தகவு படித்தவர்கள் இதையும் கணக்கிடலாம். கட்டளை தொலையும் வாய்ப்பு 1/2. கட்டளை சேர்ந்து, பதில் தொலையும் வாய்ப்பு 1/2 × 1/2 = 1/4. ஆகவே பதில் வராத வாய்ப்பு மொத்தம் 3/4. அதில் 1/4 பங்கில் வேலை நடந்துவிட்டது. அதாவது, மௌனம் நிலவும் மூன்று தடவைகளில் சராசரியாக ஒரு தடவை கட்டளை நிறைவேறியே இருக்கும்!

மௌனத்தைக் கண்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று எண்ணிவிடக் கூடாது. "நடந்துவிட்டது" என்றும் எண்ணிவிடக் கூடாது. இரண்டில் எது நடந்திருந்தாலும் கணக்கு கெடாதபடி வேலையை அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.